முதல் நாளே முக்கியம்! கரும்பைக் காக்கும் குட்டிக் குளவியின் வயதுக் கணக்கு

கரும்பு இலையின் அடிப்பக்கத்தில் ஒரு துண்டு அட்டை பின் செய்யப்பட்டிருக்கிறது. உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாக அதில் ஒட்டியிருப்பவை, கறுத்துப்போன பொடிப் பொடி முட்டைகள். விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் அந்த முட்டைகளில் ஒவ்வொன்றாகத் துளை விழும். துளை வழியே வெளியே வருவது, குளவி. நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். கூர்ந்து பார்த்தால்தான் அது நகர்வதே தெரியும்.

அன்று காலையில் பிறந்த அந்தப் பெண் குளவிக்கு, அன்றைக்குத்தான் இளமை. ஒரு துளி தேன்கூடக் கிடைக்காவிட்டால் நாளை மறுநாள் அது கிழவி. அதற்குள் இணை சேர வேண்டும். பரந்து கிடக்கும் கரும்புத் தோட்டத்தில், அந்துப்பூச்சி இட்ட முட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவற்றுக்குள் தன் முட்டையைச் செலுத்த வேண்டும்.

அது ஜெயித்தால் கரும்பு பிழைக்கும். தாமதித்தால், அந்துப்பூச்சியின் முட்டை பொரிந்து புழு வெளியே வந்து, கரும்பைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு மேலே எந்த மருந்தைத் தெளித்தாலும், உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் புழுவை அது எட்டுவது கஷ்டம்.

இந்தக் குளவியின் பெயர் டிரைக்கோகிரம்மா. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் 'முட்டை ஒட்டுண்ணி' என்றால் சட்டென்று புரியும். கரும்பின் இடைக்கணுப்புழுவைக் கட்டுப்படுத்தப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படுகிறது. ஆனாலும், 'அட்டை கட்டினேன், பலனே இல்லை' என்று அலுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் கண்ணுக்கே தெரியாத ஒரு காரணம், குளவியின் வயது.

கொட்டுகிற குளவி அல்ல!

குளவி என்றதுமே, வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவிதான் ஞாபகத்துக்கு வரும். அது பச்சைப் புழுவைத் தூக்கிவந்து கூட்டுக்குள் வைத்து மூடும். சில நாள் கழித்து அந்தக் கூட்டிலிருந்து குளவி பறந்துபோகும். 'குளவி கொட்டிக் கொட்டியே புழுவைத் தன்னைப்போல மாற்றிவிடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் புழு எதுவாகவும் மாறுவதில்லை. குளவி கூட்டுக்குள் இட்ட முட்டையிலிருந்து வந்த இளம்புழு, அடைத்து வைத்த பச்சைப் புழுவைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது.

ஒட்டுண்ணிக் குளவிகள் கூடும் கட்டுவதில்லை. இரையைத் தூக்கிச் சுமப்பதும் இல்லை. இரை இருக்கும் இடத்துக்கே போய், அதன் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். மிச்ச வேலையைக் குஞ்சு பார்த்துக்கொள்ளும். டிரைக்கோகிரம்மா மனிதர்களைக் கொட்டாது. அதன் முழுக் கவனமும் அந்துப்பூச்சிகளின் முட்டைகள் மேல்தான்.

எப்படித் தேடுகிறது? தாய் அந்துப்பூச்சி முட்டையிடும்போது அதன் சிறகிலிருந்து உதிரும் செதில்களின் வாசனை இதற்கு ஒரு துப்பு. அந்த வாசனை பட்டதும், ஓட்டத்தைக் குறைத்து அதே இடத்தில் சுற்றிச் சுற்றித் தேடும். முட்டை கிடைத்ததும் மேலே ஏறி, உணர்கொம்புகளால் தட்டிக்கொண்டே நடக்கும். அந்த நடையிலேயே முட்டை எவ்வளவு பெரியது என்று அளவெடுத்துவிடும். பெரிய முட்டை என்றால் உள்ளே பல முட்டைகள் வைக்கும். சிறியது என்றால் பெரும்பாலும் ஒன்று. ஏற்கெனவே வேறொரு குளவி முட்டை வைத்துவிட்டுப் போயிருந்தால், அதையும் மோப்பத்தாலும் தொடுதலாலும் கண்டுபிடித்துவிடும்.

ஒட்டுண்ணி புகுந்த முட்டை சில நாள்களில் கறுத்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளுக்குள் அதிலிருந்து அந்துப்பூச்சியின் புழுவுக்குப் பதில் புதிய குளவி வெளியே வரும்.

கையிருப்போடு பிறப்பவை, சம்பாதித்துச் செலவழிப்பவை

வயது முட்டையிடலை எப்படி மாற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒட்டுண்ணிக் குளவிகளை இரண்டு ரகமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் ரகம், மடி நிறையப் பணத்தோடு சந்தைக்கு வந்தவர் மாதிரி. பிறக்கும்போதே வயிற்றில் முட்டைகளில் பெரும்பகுதி முதிர்ந்து தயாராக இருக்கும். டிரைக்கோகிரம்மா பெரும்பாலும் இந்த ரகம். தாராளமாக அந்துப்பூச்சி முட்டைகளைக் கொடுத்துப் பார்த்தால், முதல் நாளில்தான் அதிகமாக முட்டையிடும். அடுத்தடுத்த நாள்களில் எண்ணிக்கை சரசரவென்று இறங்கும். அதாவது, ஒரு குளவி மூன்று நாள் உயிரோடு இருந்தாலும் அதன் மூன்று நாள்களும் சமமானவை அல்ல. முதல் நாள் வீணானால், போனது மூன்றில் ஒரு பங்கு அல்ல, அதைவிட அதிகம்.

இரண்டாவது ரகம், அன்றாடம் சம்பாதித்துச் செலவழிப்பவர் மாதிரி. பிறக்கும்போது கையிருப்பு குறைவு. தேன் குடித்தோ, இரைப்பூச்சியின் உடல் திரவத்தை உறிஞ்சியோ சத்தைச் சேர்த்து, வாழ்நாள் முழுக்க முட்டைகளை முதிரவைத்துக்கொண்டே இருக்கும். இவற்றின் முட்டையிடல் மெல்ல ஏறி, சில நாள்களில் உச்சம் தொட்டு, வயதாக ஆக இறங்கும். முட்டையிட இரையே கிடைக்காத பஞ்ச காலத்தில், இந்த ரகத்தில் பல குளவிகள் வயிற்றில் இருக்கும் முட்டைகளையே கரைத்து உடலுக்குச் சத்தாக மாற்றிக்கொள்ளும். 'இன்றைக்குப் பிழைத்துக்கொள்வோம், பிறகு பார்த்துக்கொள்வோம்' என்ற கணக்கு அது.

மல்லிகைத் தோட்டத்துக் கணக்கு

முட்டையிடும் எண்ணிக்கை மட்டும் வயதால் மாறுவதில்லை. தேடும் விதமும் மாறுகிறது. இதற்கு மல்லிகைத் தோட்டம் நல்ல உதாரணம்.

அதிகாலையில் மொட்டு பறிக்கப் போகிறவர், ஒரு செடியின் முன்னால் நின்றதும் முதல் சில கை மொட்டுகள் மளமளவென்று வந்துவிடும். போகப் போக, இலைகளை விலக்கித் தேட வேண்டியிருக்கும். எப்போது இந்தச் செடியை விட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போவது லாபம்? உணவு தேடும் விலங்குகள் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு எரிக் சார்னோவ் என்ற உயிரியலாளர் 1976-ல் ஒரு கணிதக் கோட்பாட்டைக் கொடுத்தார். இந்த இடத்தில் கிடைக்கும் வேகம், மொத்தத் தோட்டத்தின் சராசரிக்குக் கீழே இறங்கும்போது நகர்ந்துவிட வேண்டும். சுருக்கமாக, அதுதான் அந்தக் கோட்பாடு.

ஆனால், இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. முன்னால் நிறைய நேரம் இருக்கிறது என்ற அனுமானம். நேரம் முடியப்போகிறவரின் கணக்கு வேறு. விடிந்து பூ மார்க்கெட்டுக்கு வண்டி கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால், தூரத்துச் செடிக்கு நடப்பதைவிட நிற்கிற செடியிலேயே கடைசி மொட்டு வரை தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

குளவிக்கும் இதே நிலைதான். இளம் குளவி, ஓர் இலையில் கிடைத்த முட்டைகளில் நல்லவற்றை முடித்துவிட்டு அடுத்த இலைக்குப் பறக்கலாம். ஆயுள் முடியப்போகும் குளவிக்கு அந்தப் பயணமே மிச்சமிருக்கும் வாழ்நாளில் பெரும்பங்கைத் தின்றுவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் இரை இருக்குமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதனால், இருக்கும் இடத்திலேயே அதிக நேரம் தங்குவதுதான் அதற்கு லாபம். இளமையில் வேண்டாம் என்று ஒதுக்கிய இரையையும் அப்போது ஏற்றுக்கொள்ளலாம்.

புயல் வரும் என்று தெரிந்தால்?

ஏற்கெனவே ஒட்டுண்ணி புகுந்த இரை, குளவிக்கு மோசமான சரக்கு. ஒரு சிறிய இரையில் ஒரு குஞ்சுதான் வளர முடியும் என்றால், இரண்டாவதாக வந்த முட்டை பெரும்பாலும் வீண். அதனால் இளம் குளவிகள் பொதுவாக இவற்றைத் தவிர்க்கும். ஆனால், சாவு நெருங்கும் நேரத்தில் வயிற்றில் மிச்சமிருக்கும் முட்டைகளால் என்ன பயன்? சும்மா அழிந்துபோவதைவிட, பத்தில் ஒன்று பிழைத்தாலும் லாபம்தானே!

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல என்பதைக் காட்டிய ஒரு பரிசோதனை, 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. கனடாவின் பெர்னார்ட் ராய்ட்பெர்க்கும் அவருடைய சகாக்களும் எடுத்துக்கொண்டது, பழ ஈக்களின் புழுக்களைத் தாக்கும் லெப்டோபிலினா என்ற குளவி. புயலுக்கு முன்னால் காற்றழுத்தம் குறையும் அல்லவா? அதேபோல அழுத்தத்தைச் செயற்கையாகக் குறைத்தார்கள். அரிசியைவிடச் சிறிய இந்தக் குளவிக்குப் புயல் என்பது உயிர் போகிற விஷயம். அழுத்தம் குறைந்ததும், குளவிகள் அதுவரை ஒதுக்கும் மோசமான இரைகளிலும் முட்டை வைக்கத் தொடங்கின.

குளவி நாள்காட்டி பார்ப்பதில்லை. ஆனால், 'இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது' என்பதற்கான அறிகுறிகளை அதன் உடல் படிக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம். அதற்கு வயது ஓர் அறிகுறி. வானிலை இன்னோர் அறிகுறி.

அனுபவம் ஒரு பக்கம், தேய்மானம் ஒரு பக்கம்

அப்படியென்றால், வயதாவது குளவிக்கு நஷ்டம் மட்டும்தானா? இல்லை. ஒட்டுண்ணிக் குளவிகள் அனுபவத்தில் கற்றுக்கொள்ளும். எந்த வாசனை வந்த இடத்தில் இரை கிடைத்ததோ, அந்த வாசனையை ஞாபகம் வைத்து அடுத்த முறை நேராக அங்கே போகும். முதல் இரையைக் கண்டுபிடிக்கத் தடுமாறிய குளவி, அடுத்தடுத்த இரைகளைச் சுலபமாகக் கண்டுபிடிப்பதுண்டு.

ஆனால், அனுபவம் ஏறும் அதே நேரத்தில் உடல் தேய்கிறது. சிறகு ஓரங்கள் கிழிகின்றன. நடை தளர்கிறது. பல ஒட்டுண்ணிக் குளவிகளால் வளர்ந்த பிறகு உடலில் புதிதாகக் கொழுப்பைச் சேர்க்க முடிவதில்லை. இளம்புழுவாக இருந்தபோது இரையிடமிருந்து எடுத்து வந்ததுதான் கடைசி வரைக்கும். வாரக்கணக்கில் வாழும் குளவிக்கு அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ள அவகாசம் இருக்கிறது. ஓரிரு நாளில் முடியும் வாழ்க்கையில், கற்று முடிப்பதற்குள் கால்கள் ஓய்ந்துவிடுகின்றன.

கடைசிக் காலத்தில் ஆண் வாரிசுகள்

தாயின் வயது, பிள்ளைகள் ஆணா பெண்ணா என்பதையும் மாற்றுகிறது. குளவிகளின் பிறப்பு விதி விசித்திரமானது. கருவுற்ற முட்டை பெண்ணாகும்; கருவுறாத முட்டை ஆணாகும். இணை சேரும்போது கிடைத்த விந்தணுக்களைத் தாய் உடலில் சேமித்து வைத்து, முட்டையிடும்போது தேவைக்கேற்பப் பயன்படுத்தும். வயதாக ஆக அந்தச் சேமிப்பு தீர்கிறது. தீர்ந்த பிறகு இடும் முட்டைகள் எல்லாம் ஆண்தான்.

இயற்கையில் இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வயலுக்கு இது பெரிய விஷயம். முட்டையைத் தேடி அழிப்பவை பெண் குளவிகள் மட்டுமே. ஆண் குளவிகள் எவ்வளவு பிறந்தாலும், அந்துப்பூச்சியின் ஒரு முட்டைகூடக் குறையாது. அதனால்தான் ஒட்டுண்ணிகளை வளர்க்கும் கூடங்களில், புதிதாகப் பொரிந்து வந்த தாய்க் குளவிகளையே வளர்ப்புக்குப் பயன்படுத்துகிறார்கள்.

அட்டைக்குள் ஓடும் கடிகாரம்

இந்தக் கூடங்களில் குளவிக்கு முன்னால் வளர்க்கப்படுவது, கார்சைரா என்ற அந்துப்பூச்சி. உடைத்த கம்பும் நிலக்கடலையும்தான் அதற்குத் தீனி. அதன் முட்டைகளைப் பசை தடவிய அட்டையில் தூவி ஒட்டுவார்கள். அந்த முட்டைகளிலிருந்து புழு பொரிந்துவிடாமல் இருக்கப் புறஊதா ஒளி காட்டுவார்கள். பிறகு டிரைக்கோகிரம்மாக்களை உள்ளே விடுவார்கள். முட்டை கறுத்தால், வேலை முடிந்தது என்று அர்த்தம். 1 சிசி அளவு அட்டை என்றால், அதில் 15,000-க்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும்.

கரும்பு இடைக்கணுப்புழுவுக்கு நடவு செய்த 4-வது மாதத்திலிருந்து, 15 நாள் இடைவெளியில் 6 முறை, ஒவ்வொரு முறையும் எக்டேருக்கு 2.5 சிசி என்ற அளவில் அட்டை கட்டுவது தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை. ஏன் இத்தனை முறை? காரணம் வயதுதான். குளவியின் ஆயுள் குறைவு. அந்துப்பூச்சியின் முட்டையும் சில நாள்களே முட்டையாக இருக்கும். உள்ளே புழு வளர்ந்துவிட்டால் அது குளவிக்குப் பயன்படாது. இளம் குளவியும் இளம் முட்டையும் ஒரே நாளில் சந்திக்க வேண்டும். ஒரே தடவை கட்டிவிட்டுப் போனால், அந்தச் சந்திப்பு தவறிவிடலாம். ஐரோப்பாவில் மக்காச்சோளத் தண்டுத்துளைப்பானுக்கு, வெவ்வேறு வளர்ச்சிப் பருவத்தில் உள்ள டிரைக்கோகிரம்மாக்களைக் கலந்து விடும் முறையும் இருக்கிறது. ஒரு கூட்டம் கிழடாகும்போது அடுத்த கூட்டம் பொரிந்து வரும்.

அட்டை வாங்கும் விவசாயி கவனிக்க வேண்டியதும் இந்தக் கடிகாரத்தைத்தான்.

* அட்டையில் குளவி எந்தத் தேதியில் வெளிவரும் என்று குறிப்பிட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிவரும் நாளுக்கு முன்பே வயலில் கட்டிவிட வேண்டும்.

* குளவிகள் பையிலேயே வெளிவந்துவிட்டால், பயண நேரமெல்லாம் அவற்றின் இளமையிலிருந்துதான் கழியும்.

* குளிர்பதனப் பெட்டியில் சில நாள் வைத்து வெளிவருவதைத் தள்ளிப்போடலாம். அதிக நாள் வைத்தால் வெளிவரும் குளவிகளின் எண்ணிக்கையும் வீரியமும் குறையும்.

* வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் டிக்கியில் அட்டையை வைக்கக் கூடாது. சூடு ஏறினால் குளவிகள் உள்ளேயே சாகலாம். பிழைத்தாலும் ஆயுள் குறையும்.

* காலையிலோ மாலையிலோ, இலையின் அடிப்பக்கத்தில், பரவலாகப் பல இடங்களில் கட்ட வேண்டும். இவ்வளவு சிறிய உயிரால் வெகுதூரம் பறக்க முடியாது.

* அட்டை கட்டும் நாள்களை ஒட்டிப் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. முதல் நாளிலேயே குளவி செத்துவிட்டால், அட்டைக்குக் கொடுத்த காசு மண்ணோடு போனதுதான்.

மரவள்ளிக்கு வந்த இன்னொரு ரகம்

சம்பாதித்துச் செலவழிக்கும் இரண்டாவது ரகக் குளவிக்கும் தமிழ்நாட்டில் வேலை இருக்கிறது. மரவள்ளி மாவுப்பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கான மக்களின் சோற்றில் கைவைத்தது. அதன் இயற்கை எதிரியான அனகைரஸ் லோபெசி என்ற குளவி, 1981-ல் பராகுவேயில் கண்டுபிடிக்கப்பட்டு ஆப்பிரிக்காவில் விடப்பட்டது. அந்தத் திட்டத்தை வழிநடத்திய ஹான்ஸ் ஹெரன், 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே மாவுப்பூச்சி 2020-ல் இந்தியாவுக்கும் வந்து, தமிழ்நாட்டு மரவள்ளித் தோட்டங்களைப் பதம்பார்த்தது. பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட அனகைரஸ் குளவிகள், மார்ச் 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் முதன்முதலாக விடப்பட்டன.

இந்தக் குளவி, சின்ன மாவுப்பூச்சிகளைக் கொட்டி அவற்றின் திரவத்தைக் குடித்து முட்டைகளை முதிரவைக்கும். நடுத்தர அளவு மாவுப்பூச்சியில் ஆண் முட்டைகளையும், பெரியதில் பெண் முட்டைகளையும் வைக்கும் போக்கு இதற்கு உண்டு. முதல் நாளிலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. வயலில் நிலைபெற்றுத் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். டிரைக்கோகிரம்மாவைத் திரும்பத் திரும்ப விட வேண்டியிருக்க, இதை நிலைபெற வைத்தால் போதும் என்பதற்கு இந்த வாழ்க்கை முறையும் ஒரு காரணம்.

ஆயுளை நீட்டும் வரப்புப் பூக்கள்

குளவியின் வயதை நிறுத்த முடியாது. ஆனால், ஆயுளைக் கொஞ்சம் நீட்டலாம். பட்டினியில் ஓரிரு நாளில் சாகும் டிரைக்கோகிரம்மா, தேன் கிடைத்தால் பல நாள் வாழும் என்பது ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். வயலில் அந்தத் தேனைத் தருவது பூக்கள்.

சீனா, தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் நெல்வயல் வரப்புகளில் எள் போன்ற பூக்கும் செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். அதன் முடிவுகள் 2016-ல் வெளியாயின. ஒட்டுண்ணிக் குளவிகள் உள்ளிட்ட நன்மை செய்யும் பூச்சிகள் பெருகின. பூச்சிமருந்து தெளிப்பது 70 சதவிகிதம் குறைந்தது. நெல் விளைச்சல் 5 சதவிகிதம் கூடியது.

வரப்பில் நாலு எள்ளுச் செடி நிற்பது, பார்க்கிறவருக்குப் பெரிதாகத் தெரியாது. அதில் ஒரு பூவின் அடியில் ஒரு துளி தேன் குடித்த குளவிக்கு, இன்னும் இரண்டு நாள் கிடைக்கிறது. அந்த இரண்டு நாளில் அது கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முட்டையும், பயிருக்குள் நுழையாமல் போன ஒரு புழு.